பத்திரனவை விட்டது துரோகமா?



2025 டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் ஐ.பி.எல். ஏலம் முடிந்ததும் எங்கள் இளைஞர்களின் பதிவுகளில் ஒரே சொல்தான் ஓடியது: துரோகம். மதீஷ பத்திரனவைச் சென்னை விட்டுவிட்டது, கொல்கத்தா 18 கோடி இந்திய ரூபா கொடுத்து எடுத்துவிட்டது. எங்கள் காசில் அறுபது கோடிக்கு மேல். "எங்கட பெடியனைக் கைவிட்டிட்டாங்கள், இனிச் சென்னைக்கு ஆதரவே இல்லை" என்று சிலர் மஞ்சள் படத்தையும் மாற்றிவிட்டார்கள்.

நாங்களும் மஞ்சள் பக்கம்தான். ஆனாலும் சொல்கிறோம்: சென்னை செய்தது சரி. உண்மையில் ஒரு வருடம் பிந்தித்தான் செய்தது.

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். 2022 முதல் 2024 வரை பத்திரனவின் சம்பளம் ஒரு பருவத்துக்கு 20 இலட்சம். அந்தக் காசுக்கு 2023இல் 12 போட்டிகளில் 19 விக்கெட் எடுத்தார், சென்னை கிண்ணத்தையும் வென்றது. 2024இல் 6 போட்டிகளில் 13 விக்கெட். பிறகு தொடைத் தசையில் காயம்பட்டுப் பாதியிலேயே நாடு திரும்பினார். அதற்கு அடுத்த பருவத்துக்குச் சென்னை அவரை 13 கோடிக்குத் தக்கவைத்தது. 2025இல் 12 போட்டிகளில் 13 விக்கெட், ஓவருக்குப் பத்து ஓட்டத்துக்கு மேல். ஒரு விக்கெட் ஒரு கோடி! சென்னை தன் வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடத்துக்குப் போனதும் அதே வருடம்தான்.

இதில் பத்திரனவின் குற்றம் என்ன? ஒன்றுமில்லை. விலையைப் போட்டது அவர் இல்லை. போன வருடம் வீசிய பந்துக்கு அடுத்த வருடக் காசைக் கொடுத்தது அணி. ஆறு போட்டிகளின் அற்புதத்தையும் ஒரு காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், அற்புதத்துக்கு மட்டும் விலை போட்டார்கள்.

அப்படியென்றால் விலை கூடிய பந்துவீச்சாளரை எப்போது விட வேண்டும்? எங்கள் பார்வையில் மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, உடம்பு. வேகப்பந்து வீச்சாளரின் தோளும் தொடையும் முதுகும்தான் அவருடைய முதல். ஒரு பருவத்தின் பாதியில் வீட்டுக்கு வருபவருக்கு முழுப் பருவத்தின் விலையைக் கொடுக்க முடியுமா?

இரண்டு, எதிராளி படித்துவிட்டானா? பத்திரனவின் கை தாழ்வாகச் சுழன்று வரும்போது 2023இல் பந்து எங்கிருந்து வருகிறது என்றே பலருக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று பருவம் காணொளி பார்த்த பிறகு துடுப்பாட்டக்காரர் யோர்க்கருக்குக் காத்திருக்கிறார்கள், அது தவறி வைட் ஆகப் போனால் பேசாமல் விடுகிறார்கள். புதுமையின் விலை வேறு, பழகிய பந்தின் விலை வேறு.

மூன்று, அந்தக் காசுக்கு வேறு எந்த ஓட்டையை அடைக்கலாம்? 2026 பருவத்துக்கு ஓர் அணியின் மொத்தப் பணம் 125 கோடி. அதற்குள் 25 பேர் வரை எடுக்கலாம். வெளிநாட்டவர் எட்டுப் பேர்தான், களத்தில் நான்கு பேர்தான். பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளுக்குக் கொடுத்தால் அவர் ஒவ்வொரு போட்டியும் ஆட வேண்டும், கடைசி ஓவர்களையும் காக்க வேண்டும்.

"அப்படியென்றால் கொல்கத்தா முட்டாளா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஏலத்துக்கு 64 கோடிக்கு மேல், மற்ற எல்லா அணிகளையும் விடக் கூடிய பணத்தோடு வந்த அணி அது. பை நிறைய இருப்பவன் துணிந்து பார்க்கலாம். அதே கொல்கத்தாதான் 2024இல் மிட்செல் ஸ்டார்க்கை 24.75 கோடிக்கு எடுத்தது. முதல் இரண்டு போட்டிகளில் அவர் விக்கெட்டே இல்லாமல் 100 ஓட்டம் கொடுத்தார், ஊரே சிரித்தது. பிறகு இறுதிப் போட்டியில் 14 ஓட்டத்துக்கு 2 விக்கெட் எடுத்துக் கிண்ணத்துக்கு வழி திறந்தார். அப்படிப்பட்டவரையும் அந்தப் பருவம் முடிந்ததும் விட்டார்கள். டெல்லி 11.75 கோடிக்கு எடுத்தது. வென்று தந்தவரை விடுவதும் இந்த விளையாட்டில் நடக்கிற காரியம்தான்.

ஆனால் எங்கள் பெடியளின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 2013இல் இலங்கை வீரர் எவரும் சென்னையில் நடக்கும் போட்டிகளில் ஆடக்கூடாது என்று முடிவானது. பத்து வருடத்தில் அதே சேப்பாக்கத்தில் ஒரு கண்டிப் பெடியனுக்கு விசில் பறந்தது. அதைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் இருந்த எங்களுக்கு வந்த சந்தோசம் கிரிக்கெட்டுக்கு மேலானது. அது போய்விட்டதே என்ற கவலை எங்களுக்கும் உண்டு. ஆனால் அந்த அன்பு 13 கோடியில் வாங்கியது இல்லை. 20 இலட்சக் காலத்திலேயே வந்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். எங்கள் மண்ணின் வியாஸ்காந்த் 2024இல் ஹைதராபாத் அணிக்காக ஆடினார். அடுத்த பருவத்துக்கு அவரைத் தக்கவைக்கவில்லை. அன்று எத்தனை பேர் துரோகம் என்று எழுதினோம்?

விடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. லசித் மாலிங்கவை 2018 ஏலத்தில் யாரும் எடுக்கவில்லை. மும்பை அவரை ஆலோசகராகக் கூடவே வைத்திருந்தது. அடுத்த ஏலத்தில் 2 கோடிக்கு வீரராக எடுத்தது. 2019 இறுதிப் போட்டியில் முதல் மூன்று ஓவரில் 42 ஓட்டம் கொடுத்தவரிடமே கடைசி ஓவரையும் கொடுத்தார்கள். சென்னைக்கு 9 ஓட்டம் தேவை. மாலிங்க ஒரு ஓட்டத்தால் வென்று கொடுத்தார். விலையை விடலாம், ஆளை விடத் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று?

நாங்கள் படிப்பிக்கிற பிள்ளைகளும் இதையெல்லாம் வாசிக்கிறார்கள். 2023இல் "தங்கம்" என்று எழுதிய அதே கைகள் 2025இல் ஒவ்வொரு வைட் பந்துக்கும் அந்தப் பிள்ளையின் தாயை இழுத்துத் திட்டின. இப்போது அதே கைகள் துரோகம் என்று அழுகின்றன. 2025 டிசம்பரில்தான் அவருக்கு 23 வயது ஆனது. எங்கள் உயர்தர மாணவரை விட நாலைந்து வயதுதான் கூட.

கடைசியாக எங்கள் பாடசாலைகளுக்கு ஒரு வார்த்தை. ஐ.பி.எல். அணி காயப்பட்டவரை விட்டு வேறொருவரை வாங்கும். எங்களிடம் ஏலம் இல்லை. வேகமாக வீசும் ஒரே ஒரு பெடியன் இருப்பான், காலையில் இருந்து அவனையே வீச வைப்போம். தோள் போனால் அவனை வாங்க எந்தக் கொல்கத்தாவும் வராது. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு வேலை தொடங்கிவிட்டது. அதில் நாளை பந்து வீச வேண்டியவனை இன்றைக்கே தேய்த்து முடித்துவிடாதீர்கள். பயிற்றுநர்களே, பெற்றோரே, ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் வீசுகிறான் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதற்குக் கோடி தேவையில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், கதைப்போம். வீட்டுக்காரரை மட்டும் இழுக்காதீர்கள்.