கட்டம் போட்டால் கௌரவம் குறையுமா?

"காமிக்ஸ்ல இன்ஜினீயரிங்கா? எல்கேஜி புள்ளைங்களா அவனுங்க?" என்று சிரிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு தகவல். வியட்நாம் போரில் எம்-16 துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொண்டபோது, அதைத் துடைத்துப் பராமரிப்பது எப்படி என்று அமெரிக்க ராணுவம் 1968-ல் காமிக்ஸ் கையேடுதான் போட்டது. வரைந்தவர் வில் ஐஸ்னர். 1951-லிருந்தே ராணுவத்தின் 'பி.எஸ்.' பராமரிப்பு இதழுக்கு வரைந்தவர். உயிர் போகிற விஷயத்துக்கே படம் போட்டிருக்கிறார்கள். நமக்கு மட்டும் என்ன கௌரவம்?

நம்ம ஊருக்கு வருவோம். டாஃபே டிராக்டருக்குப் பின்னால் இருக்கும் அமால்கமேஷன்ஸ் குழுமத்தை உருவாக்கிய அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்குறிச்சிக்காரர். அந்த ஊர் வயலில் டீசல் தீர்ந்து ஒரு டிராக்டர் நிற்கிறது என்று வையுங்கள். மறுபடி டீசல் ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது; குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தணும். ஃபீட் பம்ப்பைக் கையால் அடிக்கணும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கணும். அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்ப்பிலும் இதே வேலை. மொத்தம் ஆறு கட்டம். நுரையோடு வரும் டீசல் ஒரு கட்டத்தில், நுரையில்லாத டீசல் அடுத்ததில். எப்போ நிறுத்தணும்னு யாரும் விளக்கவே வேண்டாம்.

"பாடப்புத்தகத்திலும் படம் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, இன்ஜினைக் குறுக்கே வெட்டி, அம்புக்குறி போட்டு, பாகங்களுக்குப் பெயர் எழுதிய படம். அதில் எது முதலில், எது பிறகு என்பது கிடையாது. வேலை என்பதோ வரிசைதான். காமிக்ஸ் அந்த வரிசையைக் காட்டுகிறது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கண்ணாடி போட்ட ஒரு பையன், ரெட்டை ஜடை போட்ட ஒரு பொண்ணு, இருவர் வாயிலும் பாடப்புத்தகப் பாரா. இதைக் காமிக்ஸ் என்று விற்கிறார்கள். பலூனுக்குள் பாராவை அடைத்தால் அது காமிக்ஸ் ஆகாது. படத்தை எடுத்துவிட்டாலும் பாடம் புரிகிறது என்றால், அந்தப் படம் வெறும் ஜிகினா.

எல்லாவற்றையும் வரைய முடியாதுதான். இன்டகிரேஷனைப் போட்டுப் பார்த்துத்தான் பழகணும். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பாலிடெக்னிக்கில் அரியரோடு தடுமாறும் பையனுக்குக் கை வேலை தெரியும். கையேட்டின் இங்கிலீஷ்தான் தெரியாது. அவனை மக்கு என்று முத்திரை குத்துவதுதான் நம் கௌரவத்துக்கு நாம் கொடுக்கும் விலை. அதையும் அவன்தான் கட்டுகிறான்.

1972-லிருந்து சிவகாசியில் முத்து காமிக்ஸ் வருகிறது. கரண்டைத் தொட்டதும் மறைந்துபோகும் இரும்புக்கை மாயாவியைத் தமிழ்நாடே ரசித்தது. ஷாக் அடித்தால் மாயமாகலாம் என்றே நம்பவைத்த கட்டங்களுக்கு, எர்த் வயர் எதற்கு என்று சொல்லத் தெரியாதா என்ன?