சென்னையின் முதல் சாம்பியன்கள்

ஐ.பி.எல். சீசன் வந்துவிட்டால் புளியந்தோப்பில் டீக்கடைக்கு டீக்கடை மஞ்சள் சட்டைதான். காலை நடைக்கு வரும் எங்கள் கிழவர் கோஷ்டியிலும் தோனியைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. போன வாரம் அவர்களிடம் ஒரு கேள்வி போட்டேன். இருபது ஓவர் ஆட்டத்தில் சென்னை பெயரைத் தாங்கி முதன்முதலில் லீக் கோப்பை வென்ற அணி எது? "சூப்பர் கிங்ஸ், 2010" என்று எல்லோரும் சொன்னார்கள். தப்பு. 2007 டிசம்பரிலேயே ஒரு சென்னை அணி கோப்பையைத் தூக்கிவிட்டது. அதன் பெயர் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ். அது ஆடிய போட்டியின் பெயர் இந்தியன் கிரிக்கெட் லீக், சுருக்கமாக ஐ.சி.எல்.

நீங்களும் மறந்திருப்பீர்கள். தவறில்லை. மறக்கும்படியாகத்தான் எல்லாம் நடந்தது.

கதை 2004-ல் தொடங்குகிறது. இந்தியாவில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டங்களைக் காட்டும் உரிமைக்கு ஜீ டி.வி. நிறுவனம் பெரிய தொகைக்கு டெண்டர் போட்டது. கிரிக்கெட் வாரியம் டெண்டரையே ரத்து செய்தது. ஜீ உச்ச நீதிமன்றம் போனது. அங்கே வாரியம் வைத்த வாதத்தைக் கவனியுங்கள்: நாங்கள் அரசாங்க அமைப்பு அல்ல, தனியார் சங்கம், எங்கள் மீது இந்த ரிட் செல்லாது. 2005 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகளில் மூவர் அதை ஏற்றுக்கொண்டார்கள். வாரியம் பதிவாகியிருப்பது நம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான். அதாவது, காகிதத்தில் பார்த்தால் நம் தெரு குடியிருப்போர் நலச்சங்கத்துக்கும் அதற்கும் ஒரே சட்டம்.

உரிமை கிடைக்காத ஜீ அதிபர் சுபாஷ் சந்திரா, 2007-ல் சொந்தமாகவே ஒரு லீக் தொடங்கினார். அந்த ஆண்டு உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறி வந்த சமயம். கபில் தேவ் தலைமைக்கு வந்தார். சென்னை, மும்பை, டில்லி, கொல்கத்தா, ஹைதராபாத், சண்டிகர் என்று ஆறு அணிகள். சென்னை அணிக்கு ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் லா கேப்டன், மைக்கேல் பெவன் பயிற்சியாளர். நம் ஹேமங் பதானியும் தமிழ்நாட்டு ரஞ்சி ஆட்டக்காரர்கள் சிலரும் அதில் சேர்ந்தார்கள். ஹரியானாவில் உள்ள பஞ்ச்குலாவில் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் சண்டிகர் லயன்ஸை அடித்து, நம்மவர்கள் பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கினார்கள்.

அந்தச் சென்னை அணி சென்னையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. சேப்பாக்கம் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. வாரியத்தின் கையில் இருந்த எந்த மைதானமும் திறக்கவில்லை. ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத், ரயில்வே மைதானங்களைத் தரத் தயார் என்று சொன்னார். நம் பெரம்பூர் ரயில்வே மைதானத்தில் ஒரு ஆட்டம் வைத்திருந்தால் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் ஓட்டேரியும் நடந்தே போய்ப் பார்த்திருக்கும். வைக்கவில்லை. சொந்த ஊர் ஜனம் கண்ணால் பார்க்காத அணியை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

மைதானத்தை மறுத்ததோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஐ.சி.எல்.லில் சேர்ந்தவர்களுக்கு வாரியம் ஆயுள் தடை என்றது. இந்திய அணி வேண்டாம், ரஞ்சியும் ஆடக்கூடாது, மாநிலச் சங்கம் நடத்தும் எதிலும் இடமில்லை. கபில் தேவை தேசிய கிரிக்கெட் அகாடமி தலைவர் பதவியிலிருந்து நீக்கினார்கள். அந்த லீக்கில் சேர்ந்த பழைய ஆட்டக்காரர்களுக்கு வாரியத்தின் பென்ஷனும் இல்லை என்றார்கள். இந்தியாவுக்கு முதல் உலகக் கோப்பை வாங்கித் தந்தவருக்கு அந்தக் கதி. பென்ஷன் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு அதன் அர்த்தம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கோஷ்டியில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இதற்கு ஒரு நியாயம் சொன்னார். "ஏன் சார், நீங்களும் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்தானே? அனுமதி வாங்காமல் வெளியே இன்னொரு வேலை பார்த்தால் மெமோ கொடுக்க மாட்டார்களா? சஸ்பெண்ட் பண்ண மாட்டார்களா? வாரியம் செய்தது அதைத்தானே?"

நல்ல கேள்வி. ஆனால் கணக்கு உதைக்கிறது. சர்க்கார் எனக்கு முதல் தேதியானால் சம்பளம் கொடுத்தது. மழையோ வெயிலோ, ஃபைல் நகர்ந்ததோ நகரவில்லையோ, சம்பளம் வந்தது. பஞ்சப்படி, மருத்துவ விடுப்பு, பி.எஃப்., கடைசியில் பென்ஷன். அதற்குப் பதிலாக என் நேரத்தை அது முழுசாக வாங்கிக்கொண்டது. நியாயம். வாரியம் ஆண்டுச் சம்பளம் கொடுத்து ஒப்பந்தத்தில் வைத்திருந்தது இந்திய அணியின் சில பேரை மட்டும். ரஞ்சி ஆடும் பையனுக்கு ஆடிய நாளுக்குக் கூலி. அணியில் எடுக்கவில்லையென்றால் அதுவும் இல்லை. தினக்கூலிக்கு வைத்துக்கொண்டு, வேறு வீட்டில் வேலை செய்தால் ஆயுசுக்கும் இந்த ஊரில் வேலை கிடையாது என்று சொல்வதற்கு என்ன பெயர்?

நம் பகுதிப் பையன்களுக்கு விளையாட்டு என்பது எப்போதுமே வயிற்றுப்பாட்டுக் கணக்கும் சேர்ந்ததுதான். பந்து உதைத்து ஐ.சி.எஃப்.பிலோ, துறைமுகத்திலோ, போலீஸிலோ, பாங்கிலோ ஒரு வேலை கிடைத்தால் குடும்பம் கரையேறும். அந்த வேலைகள் குறைந்துவிட்ட காலத்தில், முப்பதைத் தொடப்போகும் ஆட்டக்காரனுக்கு ஒருவன் கையில் ஒப்பந்தத்தோடு வந்தால் அவன் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்?

இது நம் நாட்டு வழக்கம் மட்டும் அல்ல. 1977-ல் ஆஸ்திரேலியாவில் கெர்ரி பேக்கர் என்ற டி.வி. முதலாளி இதையேதான் செய்தார். அவரிடம் போனவர்களைத் தடை செய்யப் பார்த்தார்கள். ஆட்டக்காரன் பிழைப்பைத் தடுப்பது செல்லாது என்று லண்டன் நீதிமன்றம் அந்த ஆண்டே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் நேர்மாறு. அங்கே பேஸ்பாலில் ஃபெடரல் லீக் என்று ஒன்று சின்ன லீக்காக 1913-ல் தொடங்கி, அடுத்த ஆண்டு பெரிய லீக்குகளுக்குப் போட்டியாக எழுந்து, 1915 முடிவில் மூடப்பட்டது. அதன் பால்டிமோர் அணி வழக்குப் போட்டது. ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்த லீக் சிகாகோவில் 1914-ல் கட்டிய மைதானத்தில் இன்றைக்கும் ஆட்டம் நடக்கிறது. ரிக்லி ஃபீல்ட் என்று பெயர்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று ஒப்பித்து வளர்ந்தவன். அந்தப் பிரான்ஸிலேயே, பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி பிரபலமாகிறது என்று பதினைந்து பேர் ரக்பிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1941-ல் ஜெர்மானியரோடு ஒத்துப்போன விஷி அரசாங்கம் அந்த ஆட்டத்தையே தடை செய்து, சொத்தையும் பறிமுதல் செய்தது. பழைய சங்கத்துக்குப் புதுச் சங்கம் என்றால் எங்கும் கசப்புத்தான்.

ஐ.சி.எல்.லுக்குச் சாவு இரண்டு பக்கமிருந்து வந்தது. 2007 செப்டம்பரில் வாரியம் ஐ.பி.எல்.லை அறிவித்தது. ஜீ போட்ட திட்டத்தின் சாயல் அதில் அப்படியே இருந்தது. சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் தலைவர் ஸ்ரீநிவாசன் அப்போது வாரியத்தின் பொருளாளர். வாரிய நிர்வாகிகள் இப்படி அணி வைத்திருக்க வழிசெய்த விதித் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2015 ஆயிற்று. மறுபக்கம், 2008 நவம்பரில் மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தபோது ஐ.சி.எல். போட்டி பாதியில் நின்றது. பிறகு அது எழுந்திருக்கவேயில்லை. சம்பள பாக்கிக்குக் காத்திருந்தவர்கள் பலர். ஜீ முதலாளி ஒன்றும் தர்மப்பிரபு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

2009-ல் வாரியம் "மன்னிப்பு" என்று அறிவித்தது. அந்த லீக்கை விட்டு விலகி வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்றது. என்ன குற்றத்துக்கு மன்னிப்பு? அம்பட்டி ராயுடு திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடினார். நம் சதீஷ் மும்பை இந்தியன்ஸில் ஆடினார். இளம் வயது அவர்களுக்குக் கைகொடுத்தது. வயது ஏறியவர்களுக்குப் போன இரண்டு வருஷத்தை யார் தருவார்கள்?

வேறு தனியார் லீக்கை அங்கீகரிக்க மாட்டோம் என்று ஐ.பி.எல். ஒளிபரப்பு ஒப்பந்தத்திலேயே வாரியம் வாக்குக் கொடுத்திருந்தது. அதற்காக 2013-ல் போட்டி ஆணையம் அதற்கு 52.24 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகித் திரும்பி வர, 2017-ல் மறுபடியும் அதே தொகையைப் போட்டது. சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் பையன்களுக்கு அதில் காலணா வரப்போவதில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். கேள்வி கேட்டால் நான் தனியார் சங்கம், கட்டளை போடும்போது மட்டும் நானே சர்க்கார் என்று எந்த அமைப்பும் இரண்டு தொப்பி போடக்கூடாது. சர்க்கார் மாதிரி தடை போட ஆசையிருந்தால் சர்க்கார் மாதிரி மாதச் சம்பளமும் பென்ஷனும் கொடுக்கட்டும். இல்லையென்றால் ஆட்டக்காரன் தனக்குப் பிடித்த இடத்தில் ஆடட்டும். ஒளிபரப்பு உரிமைக்காகப் பெரிய மனிதர்கள் கோர்ட்டிலும் போர்டிலும் மோதிக்கொள்ளட்டும், பையன்களின் சோற்றில் கை வைக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் பேரன் யாராவது மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்தால், கையெழுத்துப் போடும் காகிதத்தை முதலில் ஒரு ரிட்டயர்டு குமாஸ்தாவிடம் காட்டச் சொல்லுங்கள். ஷரத்துகளை வரிக்கு வரி படிப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆட்டம்.