தீவனத் தட்டில் பரவும் நோய்

பிரிட்டனின் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி., தட்டையான தீவனத் தட்டுகளின் விற்பனையை 2025-ஆம் ஆண்டில் நிறுத்திவைத்தது. தனக்கு வருவாய் தரும் பொருளையே ஓர் அமைப்பு விலக்கிக்கொள்வது அரிது.

காரணம், கிரீன்ஃபின்ச் என்னும் சிறு பறவை. புறாக்களிடம் முன்பே அறியப்பட்ட டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, 2005-இல் அதனிடமும் காணப்பட்டது. அடுத்த ஆண்டே கொள்ளைநோயானது. தொண்டையில் புண் கண்ட பறவையால் விழுங்க இயலாது. எச்சில் படிந்த தானியத்தைத் தட்டிலேயே உமிழும். அதை மற்றொன்று உண்ணும். தோட்டந்தோறும் தென்பட்ட அப்பறவை, 2021-இல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைப் புறவிளைவு என்பேன். தானியத்துக்கு விலை கொடுப்பவர் நோய்க்கு விலை கொடுப்பதில்லை. அது அண்டை வீட்டுத் தோட்டத்துக்குப் பறந்துவிடுகிறது. அன்பினால் செய்வது என்பதால் குறை கூறவும் நமக்குக் கூச்சம்.

வல்லுநர்கள் வேண்டுவன எளியவை: கலன்களை வாரம் ஒருமுறையேனும் கழுவி உலர்த்துதல், நாள்தோறும் நீர் மாற்றுதல், இடம் மாற்றி வைத்தல், நோயுற்ற பறவை தென்பட்டால் இரு வாரங்களாவது தீவனத்தை நிறுத்துதல். கடைசியானதே கடினம், பசித்த பறவையைத் திருப்பியனுப்ப மனம் ஒப்பாது. ஆயினும் கூட்டம் கலைந்தால்தான் தொற்றுச் சங்கிலி அறும்.

தட்டுகளை மட்டும் விலக்கிப் பயனில்லை என்பது என் கருத்து. தொங்கும் குழாய்க் கலன்களும் அழுக்கேறும். தானியப் பை ஒவ்வொன்றிலும் கழுவும் முறையை அச்சிடுமாறு விற்பனையாளரைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். செலவு சொற்பம். விற்பனை சற்றுக் குறையலாம், குறையட்டும்.