ஏரிக்கு உண்டு குடிமராமத்து; கணக்குக்கு?

புதுச்சேரியில் இருந்து விழுப்புரம் போகும் சாலையில் இருக்கிறது திருவாண்டார்கோயில். திருஞானசம்பந்தர் பாடிய திருவடுகூர் இதுதான்.

இங்குள்ள சிவன் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் என்ன இருக்கும்? யார் நிலம் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்ற கணக்கு!

அந்தக் கணக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. ஊரார் கூடும் இடத்தில், சுவரில் வெட்டி வைத்தார்கள்.

இன்றைய சர்க்கார் கணக்குகள் அப்படி ஊரார் கண்ணில் படுகின்றனவா?

ஆறு ஒன்று, சர்க்கார் இரண்டு

2024 நவம்பர் 30-ந் தேதி "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையில் இருந்து ஏராளமான தண்ணீர் திறந்து விடப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டது. பாகூர் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது.

அணை இருப்பது தமிழ்நாட்டில். பாகூர் இருப்பது புதுச்சேரியில். அணையின் கணக்கு ஓர் அலுவலகத்தில். மழையின் கணக்கு இன்னோர் அலுவலகத்தில். ஏரியின் கணக்கு வேறோர் அலுவலகத்தில்!

ஊசுட்டேரியின் கதையும் இதுதான். ஏரி ஒன்று. அதில் ஒரு பகுதி புதுச்சேரியில், மறு பகுதி தமிழ்நாட்டில்.

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்? "அணையில் இவ்வளவு தண்ணீர் திறந்தால் நம் தெருவுக்கு வெள்ளம் வருமா?" என்று முன்கூட்டியே யோசிக்கலாம். ஆடு மாடுகளை மேட்டில் கட்டலாம். குழந்தைகளைக் காப்பாற்றலாம்.

சட்டம் உண்டு

2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், பல விவரங்களை மக்கள் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சர்க்காருக்குச் சொல்கிறது. 2012-ல் மத்திய சர்க்கார் இதற்காகவே ஓர் இணையதளம் தொடங்கியது. வெளியிட்ட புள்ளிவிவரங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று 2017-ல் அனுமதியும் வந்தது.

ஆனால் விவரங்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்க்க ஆள் வேண்டுமே!

அந்த வேலையைப் பொதுமக்களே செய்கிறார்கள். பெங்களூரில் 2011-ல் "டேட்டாமீட்" என்ற குழு தோன்றியது. ஊர் எல்லை, தொகுதி எல்லை வரைபடங்களைத் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள் இதன் தொண்டர்கள். "ஊர்வாணி" என்ற அமைப்பின் "ஓப்பன்சிட்டி" இணையதளம், சென்னை முதலிய நகரங்களின் சர்க்கார் விவரங்களைத் திரட்டிப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது.

தூர்ந்து போகலாமா?

இப்படி ஒரு பட்டியலைத் தொடங்குவது எளிது. தொடர்ந்து நடத்துவதுதான் கடினம்.

ஆர்வமுள்ள ஓர் இளைஞர் இரவு பகலாக உட்கார்ந்து விவரம் சேர்ப்பார். பிறகு அவருக்கு வேலை கிடைக்கும். கல்யாணம் ஆகும். வெளியூர் போவார். பட்டியல் அப்படியே நின்றுவிடும். பழைய கணக்கைப் பார்த்தவர்கள் மறுபடி வரமாட்டார்கள். ஏரி தூர்ந்து போவதும் இப்படித்தான்.

பணமும் வேண்டும். திறப்பு விழாவுக்குக் கொடுக்கப் பத்துப் பேர் முன்வருவார்கள். பழுது பார்க்கக் கொடுப்பவர் யார்?

இதற்கு நம் முன்னோர் வழி காட்டியிருக்கிறார்கள். ஏரியைத் தூர்வார, கரையைப் பலப்படுத்த, ஊரார் கூடி உழைத்தார்கள். அதுதான் குடிமராமத்து. உத்திரமேரூரில் 921-ம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் 6 பேரைக் குடவோலை எடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அது சொல்கிறது. கணக்குக் காட்டாதவர் மறுபடி பதவிக்கு வர முடியாது!

விவரப் பட்டியலுக்கும் இதே முறை வேண்டும். ஒருவரையே நம்பக்கூடாது. ஆள் மாறினாலும் வேலை நிற்கக்கூடாது. வரவு செலவைப் பகிரங்கமாகக் காட்ட வேண்டும்.

"சர்க்கார் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். சர்க்கார் தன் கடமையைச் செய்தே தீர வேண்டும். ஆனாலும் மக்களிடம் ஒரு பிரதி இருப்பது நல்லது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க சர்க்காரின் இணையதளங்களில் பல பக்கங்கள் மறைந்தன. ஹார்வர்டு சட்டக் கல்லூரி நூலகம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விவரத் தொகுப்புகளைப் பிரதி எடுத்துக் காப்பாற்றியது.

ஏரிக்கு இருவர்

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. ஏரிக்கு இரண்டு கல்லூரி மாணவர்கள் போதும். மாதம் ஒரு நாள் ஒதுக்கி, அந்த ஏரியைப் பற்றிய சர்க்கார் கணக்கைக் கேட்டு வாங்கிப் பட்டியலில் சேர்க்கட்டும். படிப்பு முடிந்து போகும்போது, அடுத்த இருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

கல்லில் வெட்டிய கணக்கு ஆயிரம் ஆண்டு நின்றது. கம்ப்யூட்டரில் ஏற்றிய கணக்கு அப்படி நிற்காது. வருஷா வருஷம் கை கொடுக்க ஆள் வேண்டும்.

அடுத்த மழை வருமுன் தொடங்கலாமே!