பட்டா, படி... அப்புறம்?



வங்கிக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிறவன் நான். முதியோர் பணம் எடுக்க வருகிற ஆயாக்களில் ரெண்டு வகை உண்டு. மையில் பெருவிரலை அழுத்துறவங்க ஒரு வகை. "தம்பி, நான் கையெழுத்துப் போடுவேன்" என்று பேனாவைக் கேட்டு வாங்கி, கோலம் இழுப்பது மாதிரி எழுத்தெழுத்தாய்த் தன் பெயரை வரைகிறவங்க இன்னொரு வகை. இவங்க அறிவொளிக்காரங்க. எங்கே கத்துக்கிட்டீங்கன்னு கேட்டால் போதும், முகம் மலர்ந்துபோகும். ஆனால் சலானை நிரப்ப என்னிடம்தான் நீட்டுகிறார்கள்.

போன மாசம் ஒரு ஆயா பேத்தியைக் கூட்டிக்கிட்டு வந்தது. மூணாம் வகுப்பு. "பாப்பா, நீ படிச்சுச் சொல்லு" என்றேன். ப, ண, ம் என்று ஒவ்வொரு எழுத்தையும் சரியாகச் சொன்னாள். 'பணம்' என்று சொல்ல வரவில்லை.

1991இல் இந்தப் புதுக்கோட்டையில் நடந்தது சின்ன விஷயமில்லை. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். கல் உடைக்கிற பெண்கள், கூலிப் பெண்கள், நம்ம சேரிப் பெண்கள் சாயங்காலம் விளக்கடியில் உட்கார்ந்தார்கள். சைக்கிள் பழகினார்கள், ஊர்த் தெருவில் பெடலை மிதித்துக்கொண்டு போனார்கள். அந்த இயக்கத்தின் பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்று தொடங்கியது. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரைரே செய்ததும் இதுதான். உழைக்கிறவன் வாயில் கிடக்கிற, அவன் வயிற்றோடு சம்பந்தப்பட்ட சொல்லிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவது. நிலமில்லாத ஒருத்திக்குப் 'பட்டா' வெறும் மூணு எழுத்தா? 1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்து விழா எடுத்தார்கள். விழாப் பந்தலைப் பிரித்தார்கள். வாசிக்க அடுத்த புத்தகம் வந்து சேராத தெருக்களில் எழுத்து தேய்ந்து, கையெழுத்து மட்டும் மிஞ்சியது. பட்டா? அதையும் கேட்காதீர்கள்.

இப்போது பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். 2022 அசர் அறிக்கையின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூணாம் வகுப்புப் பிள்ளைகளில் ரெண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். 2018இல் 10.2. கொரோனாவில் பள்ளியைப் பூட்டி வைத்ததின் பலன் என்பார்கள். சரி, பூட்டுவதற்கு முந்தியும் பத்துதானே? அந்த 2022இல்தான் அரசு 'எண்ணும் எழுத்தும்' கொண்டு வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் வாசிக்கணும், 2025 இலக்கு. பாட்டு, விளையாட்டு, பிள்ளையின் நிலைக்கேற்ற பயிற்சிப் புத்தகம். நல்லதை நல்லதென்று சொல்லுவோம். நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். பெயரெல்லாம் அழகுதான். அரும்பிலேயே தங்கிப்போவது எந்தத் தெருப் பிள்ளைகள்? அந்தக் கணக்கைச் சாதிவாரியாக வெளியே வையுங்கள் என்கிறோம். செல்போன் செயலியில் ஏற்றவே நேரம் போகுது என்று ஆசிரியர்கள் குமுறினார்களே, அவ்வளவு ஏற்றிய கணக்கில் இது இல்லாமலா போகும்?

டெல்லி தன் பங்குக்கு, பிஎம் ஸ்ரீ-யில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடியை நிறுத்தியது. அயோக்கியத்தனம். ஆனால் அந்தச் சண்டையின் சத்தத்தில் பாப்பாவின் 'பணம்' யாருக்கும் கேட்கவில்லை.

எங்கே தட்டுது என்று நமக்குத் தெரியும். நம்ம பிள்ளை "மழ பேயுது" என்று பேசுகிறது. புத்தகம் "மழை பெய்கிறது" என்கிறது. எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் அது அந்நிய மொழியாகிவிடுகிறது. "ஆத்துல" என்று பேசுகிற அக்கிரகாரத்துப் பிள்ளையும் புத்தகத்தில் 'வீடு' என்றுதான் வாசிக்கணும். வித்தியாசம் என்ன? அந்தப் பிள்ளையின் பேச்சைக் கொச்சை என்று யாரும் அடக்குவதில்லை. நம்ம பிள்ளை வாயைத் திறந்ததும் திருத்து விழுகிறது. ரெண்டு தரம் திருத்து வாங்கின பிள்ளை மூணாம் தரம் வாயைத் திறக்காது. வாயைத் திறக்காத பிள்ளை எப்படி வாசிக்கும்?

இதே மாவட்டம்தான் வேங்கைவயல். 2022 டிசம்பரில் பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்தது வெளியே வந்தது. 'தண்ணீர்' என்ற சொல் அந்தத் தெருப் பிள்ளைக்கு என்ன சொல்லும் என்பதைப் பாடநூல் எழுதுகிறவர் ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்து கேட்டிருக்கணும்.

முதல் வகுப்பில் பேச்சுமொழியிலேயே சின்னச் சின்னக் கதைப்புத்தகம் வேண்டும். ஆறு மாசம் அதை வாசித்த பிறகு எழுத்துமொழிக்குக் கூட்டிப் போகட்டும். சேரிக்குள் படிப்பகம் வேண்டும், பூட்டாத படிப்பகம். அரசு செய்யும் வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். மாணவத் தோழர்கள் உங்கள் தெருவில் ஆறேழு வயதுப் பிள்ளைகளோடு ஒரு சாயங்காலம் உட்காருங்கள். அதுகள் சொல்கிற கதையை, சொல்கிற மாதிரியே, ஒரு எழுத்தும் திருத்தாமல் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். வருகிறதை வைத்து பதினாறு பக்கத்தில் ஒரு வாசிப்பு நூல் போடுகிறோம். தாள் செலவுக்கு என் சம்பளத்தில் ஒரு பகுதி. மீதிக்கு வழக்கம்போல உங்களிடம்தான் கை நீட்டுவோம்.