பட்டயம் பெரிதா, பாட்டன் புதைகுழி பெரிதா?

சேர்வராயன் மலையிலே பிறந்த மலையாளிப் பழங்குடியைப் பார்த்து, "பத்திரம் எங்கே?" என்கிறார்கள்!

பத்திரம் எழுதியவன் யார்? 1792-இல் திப்புவிடமிருந்து சேலம் சீமையைப் பெற்ற கும்பினியான். 1820-களிலே கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டிலே காப்பி நட்டார். அதற்கு முன்பே அங்கே சாமை விளைத்தவன் மலைமகன்! உழுதவன் ஒருவன், எழுதியவன் வேறொருவன். எழுதுகோல் எட்டாதவன் பெயர் ஏட்டிலே ஏறுமா?

வனநிலத்துக்கு வழி இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் விதி 13, முதியோர் வாக்குமூலத்தையும் கிணற்றையும் இடுகாட்டையும் சான்றாக ஏற்கிறது. பொய் புகுந்துவிடும் என்ற அச்சமா? அதற்காகத்தான் இரண்டு சான்று வேண்டும் என்கிறது சட்டம். விசாரிக்கக் கிராமசபையும் உண்டு.

காகிதத்தைக் கறையான் தின்னும், கல்லறையைத் தின்னாது! அதிகாரிகளே, பத்திரம் கேட்குமுன் இடுகாட்டைப் பாருங்கள்!