கழுகா, பருந்தா?

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாமாண்டு)

இலக்கியத்தைப் பற்றி எழுத விலங்கியல் மாணவனுக்கு என்ன தகுதி என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். நான் சொல்லப்போகும் செய்தியின் நடுவில் ஒரு பறவை இருக்கிறது. பறவை எங்கள் துறைச் சரக்கு.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற பருவத்தில் ஒரு கவியரங்கில் நான் ஒரு கவிதை படித்தேன். என் தந்தையார் செங்கல் சூளையில் கல் அறுப்பவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இரவில் நான் படித்து முடிக்கும்வரை அவர் படுக்கமாட்டார். சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். விடியற்காலை மூன்று மணிக்குச் சூளைக்குப் போக வேண்டியவர். 'தூங்குங்களப்பா' என்று வேண்டுவதுதான் கவிதை. அதைத் திறனாய்வு செய்ய எழுந்த அண்ணன் ஒருவர் (பெயர் வேண்டாம்), தந்தை தூங்க வேண்டும் என்று கவிஞன் விரும்புவது தந்தை சாக வேண்டும் என்ற அடிமன ஆசையின் மாறுவேடம், இதுவே ஈடிபஸ் சிக்கல் என்றார். அரங்கம் கைதட்டியது. நான் எழுந்து மறுத்தேன். "இவ்வளவு வேகமாக மறுக்கிறானே, அதுவே சான்று!" என்றார். மறுபடியும் கைதட்டல்.

அன்றிரவே ஃபிராய்டைத் தேடி நூலகத்துக்குப் போகத் தீர்மானித்துவிட்டேன்.

சிக்மண்ட் ஃபிராய்டு வியன்னா நகரத்து நரம்பு மருத்துவர். நம் மனத்தின் பெரும்பகுதி நமக்கே தெரியாத ஆழத்தில் இயங்குகிறது, கனவிலும் வாய்தவறி வரும் சொல்லிலும் அது தலைகாட்டுகிறது என்றார். நோயாளிக்காகப் பிறந்த இந்த உளப்பகுப்பாய்வு இலக்கியத்துக்குள் நுழைய அதிகக் காலம் ஆகவில்லை. 1900ஆம் ஆண்டு என்று அச்சிட்டு வெளிவந்த 'கனவுகளின் விளக்கம்' நூலிலேயே ஹாம்லெட் வந்துவிட்டான். 1930இல் அவருக்குக் கிடைத்த பெரும்பரிசும் ஃபிராங்க்பர்ட் நகரம் வழங்கிய கதே பரிசுதான். இன்று நம் திறனாய்வாளர்கள் வாயில் அடிபடும் 'ஆழ்மனம்', 'அடக்கப்பட்ட ஆசை' முதலிய சொற்களுக்கெல்லாம் மூலப்பட்டறை அதுவே.

இனி என் பறவைக்கு வருகிறேன்.

1910இல் ஃபிராய்டு, லியனார்டோ டாவின்சியைப் பற்றிச் சிறுநூல் ஒன்று எழுதினார். லியனார்டோ 1452இல் பிறந்தவர். தந்தை பத்திரம் எழுதும் நோட்டரி. தாய் கத்தரீனா என்ற குடியானவப் பெண். இருவருக்கும் மணம் நடக்கவில்லை. தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து வாலால் தன் வாயைத் திறந்ததாக ஒரு பழைய நினைவை லியனார்டோ தம் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பறவை கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு என்று ஃபிராய்டு படித்தார். உடனே எகிப்துக்குப் போனார். அங்கே 'முத்' என்ற தாய்த்தெய்வம் கழுகு உருவில் காட்டப்படுபவள். கழுகில் ஆணே கிடையாது, காற்றாலேயே அது கருவுறும் என்பது பழைய நம்பிக்கை. ஆகவே தந்தையில்லாமல் தாயிடம் வளர்ந்த பிள்ளை தன்னைக் கழுகுக் குஞ்சாக எண்ணிக்கொண்டான். வாயில் பட்ட வால் தாயின் மார்பு. பின்னாளில் அவன் தீட்டிய பெண்களின் புன்னகை கத்தரீனாவின் புன்னகை என்று கட்டடம் மாடிமேல் மாடியாக எழுந்தது. 1913இல் ஆஸ்கர் ஃபிஸ்டர் என்ற சுவிட்சர்லாந்துப் போதகர், பாரிசில் உள்ள லியனார்டோவின் புனித அன்னாள் ஓவியத்தில் மரியாளின் துணிமடிப்புக்குள் ஒரு கழுகே ஒளிந்திருப்பதாகக் கண்டுபிடித்துவிட்டார்!

ஆனால் லியனார்டோ எழுதிய இத்தாலியச் சொல் 'நிப்பியோ'. அதற்குப் பொருள் பருந்து. ஃபிராய்டு நம்பிய ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அது கழுகு என்று ஆகிவிட்டிருந்தது.

எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் இந்த வேறுபாடு தெரியும். கோழிக்குஞ்சைத் தூக்க வருவது பருந்து. செத்த மாட்டுக்கு இறங்குவது கழுகு. (நான் கழுகை உயிரோடு கண்டதில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் மருந்து, அந்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 2006இல்தான் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தார்கள். இது வேறு கதை. ஆனால் விலங்கியல் மாணவன் சொல்லாமல் போக முடியவில்லை.) மேலும், லியனார்டோ அந்த நினைவை எழுதியது பறவை பறக்கும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது. பருந்து வாலைத் திருப்பித் திருப்பிக் காற்றில் வழி மாற்றுவதை யார் வேண்டுமானாலும் எங்கள் விடுதி மொட்டைமாடியில் நின்று பார்க்கலாம். பறக்கும் பொறிக்குக் கனவு கண்டவருக்கு வாலைப் பற்றிய நினைவு வந்ததற்கு எகிப்து எதற்கு?

இந்தப் பிழையை 1923இலேயே எரிக் மக்லகன் என்பவர் லண்டன் இதழொன்றில் சுட்டிக்காட்டினார். ஃபிராய்டு மறைந்தது 1939இல். இடையில் 16 ஆண்டுகள் இருந்தும் நூலில் கழுகு கழுகாகவே நின்றது. 1956இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷப்பீரோ இதை விரிவாக எழுதினார். பெரியவர்களின் குழந்தைப் பருவத்தில் இப்படி ஒரு சகுனம் நடந்ததாகச் சொல்வது பழைய மரபு, பிளேட்டோவின் உதட்டில் தேனீ அமர்ந்ததாகச் சொல்வார்கள் அல்லவா, அதுபோல என்றார்.

ஹாம்லெட்டின் கதையும் ஏறத்தாழ இதுதான். தந்தையைக் கொன்ற சிற்றப்பனைப் பழிவாங்க ஹாம்லெட் ஏன் தயங்குகிறான்? தான் செய்ய ஆசைப்பட்டதையே சிற்றப்பன் செய்துவிட்டான் என்பதால் கை ஓங்கவில்லை என்றார் ஃபிராய்டு. ஷேக்ஸ்பியர் தம் தந்தை 1601இல் இறந்த துயரத்தில் இதை எழுதினார் என்பது அவர் காட்டிய ஆதாரம். ஆனால் அந்த நாடகங்களை எழுதியவர் ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரரே அல்லர் என்று தாம் எண்ணுவதாக 1930இல் அதே நூலின் அடிக்குறிப்பில் அவரே எழுதினார்! இறந்த தந்தை வேறு யாருக்கோ தந்தையாகிவிட்டார். விளக்கம் மட்டும் அசையவில்லை. அவருடைய சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் அதைத் தனி நூலாகவே வளர்த்தார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கரைசல் தவறு என்று தெரிந்தால் அன்றைய முடிவைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்வார்கள். எதனாலும் பொய்யாக்க முடியாத கொள்கை அறிவியல் ஆகாது என்று கார்ல் பாப்பர் ஃபிராய்டையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொன்னார். ஒத்துக்கொண்டால் சான்று, மறுத்தால் பெரிய சான்று. கவியரங்கில் எனக்கு நடந்ததும் அதுதான்.

ஆனாலும் ஃபிராய்டைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. ஹாம்லெட் ஏன் தயங்குகிறான் என்ற கேள்வி நல்ல கேள்வி. விடையை ஈடிபஸ் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அதைக் கேட்பதில்தான் கோளாறு. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ. கே. ராமானுஜன் 'இந்திய ஈடிபஸ்' என்ற கட்டுரையில் செய்ததைப் பாருங்கள். ஃபிராய்டின் கேள்வியை எடுத்துக்கொண்டு நம் கதைகளிடம் போனார். யயாதி மகனின் இளமையைக் கேட்டு வாங்குகிறான். தந்தையின் மணத்துக்காகப் பீஷ்மர் தம் மணத்தைத் துறக்கிறார். இங்கே மகன் தந்தையை வீழ்த்துவதைவிட, தந்தைக்காக மகன் இழப்பதே அதிகம் என்று கண்டு, சூத்திரத்தைத் திருப்பி வைத்தார். கதைக்காகக் கொள்கையை வளைத்தவர் அவர்.

கவியரங்கத்து அண்ணனுக்கும் ஒரு நன்றிக்கடன் இருக்கிறது. அவர் தந்த விடை தவறு. ஆனால் தந்தை தூங்க வேண்டும் என்று ஏன் அவ்வளவு விரும்பினாய் என்ற கேள்வி என்னை விடவில்லை. சூளை வேலை, அதிகாலை என்றெல்லாம் நான் சொன்னது பாதி உண்மை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்து வந்தவனுக்கு முதலாண்டின் ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கம்கூடப் புரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று புரியாத பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரியும். அதைப் பார்க்க முடியாமல்தான் அவரைத் தூங்கச் சொன்னேன். இது என் கவிதையில் இல்லை. எழுதும்போது எனக்கே தெரியாது.

அடுத்த கவியரங்கில் அதே கவிதையை மறுபடி படிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். பக்கம் புரட்டுவதைப் பற்றி நான்கு வரி சேர்த்திருக்கிறேன். அண்ணனும் வர வேண்டும்.